கடைப் பணியாளரின் உட்காரும் உரிமை: ஒரு வணிகர் சங்கத்தின் நிலைப்பாடு

2021 செப்டம்பரில் தமிழகச் சட்டப்பேரவையில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் ஒரு சிறிய சட்டத்திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவு அதனால் சேர்ந்தது. கடையில் வேலை செய்யும் எல்லோருக்கும் ஏற்ற இருக்கை வசதி வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைத்தால் அவர்கள் உட்கார முடிய வேண்டும், பணிநேரம் முழுக்க நின்றே தீர வேண்டிய நிலை கூடாது என்கிறது அது. இதை ஏட்டளவில் நிறைவேற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வது கடை நடத்துகிறவர்களுக்கு அழகல்ல என்பதே ஜவுளி, பாத்திரம், நகை, மளிகைக் கடைக்காரர்களைக் கொண்ட இந்தச் சங்கத்தின் நிலைப்பாடு.

சட்டம் வந்தபின் பல கடைகளுக்கு ஸ்டூல் வந்தது உண்மைதான். ஆனால் சேலைப் பிரிவில் நிற்கும் பெண்ணுக்கான ஸ்டூல் குடோன் வாசலில் கிடக்கிறது. இல்லையென்றால் அதன்மேல் பிரிக்காத பண்டல் ஏறியிருக்கிறது. அவர் அலமாரியில் இடுப்பைச் சாய்த்து, ஒரு காலைச் செருப்பிலிருந்து உருவி மறுகாலின்மேல் வைத்து நிற்கிறார். சூப்பர்வைசர் தலை தெரிந்ததும் சட்டென்று நிமிர்ந்துகொள்கிறார். யாராவது உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு ஆபீஸ் அறையிலிருந்து போன் வரும் கடைகளும் உண்டு. இரவு கடை சாத்தும்போது வீங்கிய பாதம் செருப்புக்குள் நுழையாது. வருடக்கணக்கில் இப்படி நின்றவர்களுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொள்கிறது, இடுப்புவலி கூடவே தங்கிவிடுகிறது.

உட்காரும் உரிமையைப் புதிய சலுகை என்று சொல்வதற்கில்லை. பிரிட்டனில் 1899இலேயே, கடையில் வேலை செய்யும் பெண்களில் மூவருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். இந்தியாவில் நின்று வேலை செய்யும் ஆலைத் தொழிலாளிக்கு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 44ஆம் பிரிவில், உட்கார இடம் தந்தது. தமிழ்நாட்டில் கடைத் தொழிலாளிக்கு அது கிடைக்க மேலும் 73 ஆண்டுகள் ஆயின. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் விஜியும் கடைப் பெண்களின் ‘பெண்கூட்டு’ அமைப்பினரும் கழிப்பறைக்காகவும் இருக்கைக்காகவும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2018இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழகம் அதற்குப் பிறகுதான் அசைந்தது. இயக்குநர் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படம் 2010இல் சென்னை ரங்கநாதன் தெருக் கடைப் பிள்ளைகளின் வாழ்க்கையை ஊரறியக் காட்டியபோதே வணிகர்கள் தாமாக முன்வந்திருக்க வேண்டும்.

உறுப்பினர்கள் சிலர் சொல்லும் தயக்கம் ஒன்று உண்டு: உள்ளே வருகிறவர், பணியாளர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் மரியாதைக் குறைவாக நினைப்பாராம். பழைய பட்டுக்கடைகளில் வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே உட்கார்ந்துதானே சேலை பிரித்தார்கள்? அன்று யாருக்கும் மரியாதை குறையவில்லை. இடநெருக்கடி என்ற இன்னொரு காரணத்தில் நியாயம் இருக்கிறது. அதற்கு மடக்கு நாற்காலி போதும்.

1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் மற்றப் பகுதிகளையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதே வழக்கமான வரம்பு. தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால், இடையில் ஒரு மணி நேரமாவது ஓய்வு தந்தாக வேண்டும். உட்கார்ந்ததற்காக ஒருவரை “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்று அனுப்புகிறவர்கள் 41ஆம் பிரிவை மறந்துவிடுகிறார்கள். தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்தவரை நீக்க நியாயமான காரணம் வேண்டும். ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். ஒழுங்கீனம் என்று காரணம் காட்டினால் முறையாக விசாரணை நடத்தி, சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். சட்டமே தந்த உரிமையைப் பயன்படுத்தியதை ஒழுங்கீனம் என்று எந்த விசாரணையில் நிரூபிப்பது?

எனவே சங்கம் தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்வது இது. கவுன்டரில் நிற்கும் இருவருக்கு ஓர் இருக்கையாவது, கைக்கு எட்டும் தூரத்தில், முதுகு சாய்க்கும்படி இருக்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் யாரும் அனுமதி கேட்காமல் உட்காரலாம் என்று தமிழில் எழுதிப் பணியாளர் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். உட்கார்ந்ததற்காக அபராதமோ இன்சென்டிவ் பிடித்தமோ கூடாது. ஆடித் தள்ளுபடி, தீபாவளி நெரிசலிலும் இந்த விதி தளரக்கூடாது. கால் அதிகம் நோவது அந்த நாட்களில்தான். வாசலில் நாள் முழுக்க நிற்கும் செக்யூரிட்டி, ஏஜென்சி ஆளாக இருந்தாலும் அவருக்கும் நாற்காலி தர வேண்டும்.

அரசிடமும் ஒரு கோரிக்கை உண்டு. ‘ஏற்ற இருக்கை வசதி’ என்றால் எத்தனை பேருக்கு எத்தனை, எங்கே, எந்த வகை என்பதை விதிகளில் தெளிவாக எழுத வேண்டும். ஆய்வுக்கு வரும் தொழிலாளர் துறை அதிகாரி ஸ்டூலை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனால் போதாது. முதலாளியும் சூப்பர்வைசரும் பக்கத்தில் இல்லாதபோது, இன்று எத்தனை முறை உட்கார முடிந்தது என்று பணியாளர்களிடமே கேட்டு, அந்தப் பதிலை ஆய்வறிக்கையில் எழுத வேண்டும்.