பனி உருகினால் வழி பிறக்கும்!

பேத்தியின் ஸ்கூல் புராஜெக்ட்டுக்காகப் போன வாரம் ஒரு உலக உருண்டை வாங்கினோம். சுவரில் மாட்டும் மேப்பில் வட துருவம் மேல் ஓரத்தில் இழுபட்டுக் கிடக்கும் ஒரு வெள்ளைப் பட்டை. உருண்டையின் உச்சந்தலையைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ரஷ்யா, அலாஸ்கா, கனடா, கிரீன்லாந்து, நார்வே எல்லாம் ஒரு கிணற்றைச் சுற்றி உட்கார்ந்த மாதிரி இருக்கின்றன. கிணறுதான் ஆர்க்டிக் கடல்.

நூல் வைத்து அளந்தோம். ஜப்பானின் யோகோஹாமாவிலிருந்து நெதர்லாந்தின் ராட்டர்டாமுக்கு, சிங்கப்பூர், சூயஸ் என்று சுற்றினால் சுமார் 20,000 கி.மீ. ரஷ்யாவின் வடக்குக் கரையை ஒட்டிப் போனால் 13,000 சொச்சம்தான்.

“அப்புறம் ஏன் தாத்தா சுத்திப் போறாங்க?”

பனிக்கட்டிதான் காரணம். இப்போது அது உருகுகிறது. கோடை முடிவில் சில மாதங்கள் வழி திறக்கிறது. 2025-ல் ‘இஸ்தான்புல் பிரிட்ஜ்’ என்ற கன்டெய்னர் கப்பல், சீனாவின் நிங்போவிலிருந்து இங்கிலாந்துக்கு இந்த வழியில் சுமார் 20 நாளில் போய்ச் சேர்ந்தது. சூயஸ் வழியென்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகியிருக்கும்.

வழி பிறந்ததும் வம்பும் பிறந்தது.

‘எங்கள் கரை, எங்களிடம் அனுமதி வாங்கு’ என்கிறது ரஷ்யா. அப்படிச் சொல்லும் தெம்பும் இருக்கிறது. அணுசக்தியில் ஓடும் பனி உடைக்கும் கப்பல்கள் உலகிலேயே அவர்களிடம் மட்டும்தான். அமெரிக்காவின் ஒரே கனரகக் கப்பலான ‘போலார் ஸ்டார்’ 1976-ல் வேலைக்கு வந்தது. என் கல்யாணத்துக்கும் முந்தையது! அதன் ஜோடிக் கப்பலான ‘போலார் ஸீ’யிலிருந்து உதிரி பாகங்களைக் கழற்றிப் போட்டுத்தான் பல வருடமாக ஓட்டுகிறார்கள்.

அந்த வழிகளில் உள்ள ஜலசந்திகள் எல்லோருக்கும் பொது என்பது அமெரிக்காவின் கட்சி. வேடிக்கை என்னவென்றால், இதில் அதன் அடுத்த வீட்டு நண்பனான கனடாவே ரஷ்யா மாதிரிதான் பேசுகிறது. கனடாவின் தீவுகளுக்கு நடுவே போகும் வடமேற்கு வழி தன் வீட்டு முற்றம் என்கிறது. 1985-ல் அதே ‘போலார் ஸீ’ கேட்காமல் அந்த முற்றத்தில் நுழைந்துவிட, கனடாவில் ஒரே களேபரம். 1988-ல் ஒப்பந்தம் போட்டார்கள். பனி உடைக்கும் கப்பல் வந்தால் அமெரிக்கா சம்மதம் கேட்கும். ஆனால் வழி யாருடையது என்பதில் இருவரும் தங்கள் பிடியை விடமாட்டார்கள். பங்காளிகள் பொதுச்சுவர் விவகாரத்தை ஒத்திப்போட்ட மாதிரிதான்.

சீனாவுக்கு ஆர்க்டிக்கில் ஒரு முழம் கரைகூடக் கிடையாது. அதன் வட கோடியே ஆர்க்டிக் வட்டத்திலிருந்து 1,400 கி.மீ. தள்ளி இருக்கிறது. ஆனாலும் 2018-ல் தன்னை ‘ஆர்க்டிக்கை ஒட்டிய நாடு’ என்று அறிவித்து, துருவப் பட்டுப்பாதை என்றும் பெயர் வைத்தது. தேரோடும் வீதியில் வீடில்லாதவர் வடம் பிடிக்க முதல் ஆளாக நிற்கிறார்! உக்ரைன் போருக்குப் பின் மேற்கு நாடுகள் கதவைச் சாத்திவிட்டதால், எரிவாயுவையும் எண்ணெயையும் விற்க ரஷ்யாவுக்கும் வேறு ஆள் வேண்டியிருக்கிறது.

நம் பக்கமும் ஒரு நூல் போகிறது. சென்னை - விளாடிவாஸ்டாக் கடல் வழி பற்றி 2019-லேயே இந்தியாவும் ரஷ்யாவும் பேசி வைத்துவிட்டன. அங்கிருந்து வடக்கே திரும்பினால் இந்தப் பாதைதான்.

சூயஸுக்கு மூடுவிழா என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பிவிடாதீர்கள். 2024-ல் 8 கோடி டன் சரக்கு என்று ரஷ்யா இலக்கு வைத்தது. வந்தது 4 கோடிகூட இல்லை. 2021 நவம்பரில் பனி முன்கூட்டியே உறைந்து, இருபது கப்பல்கள் போல நடுவழியில் சிக்கிக்கொண்டன.

எனக்குக் கவலை கப்பல் புகையில்தான். மலிவான கனரக எண்ணெயை எரித்தால் வரும் கரி, வெள்ளைப் பனிமேல் படிகிறது. கறுத்த பனி வெயிலை வாங்கி இன்னும் வேகமாக உருகுகிறது. அந்த எண்ணெய்க்கு ஆர்க்டிக்கில் 2024 ஜூலையில் தடை வந்தது. ஆனால் கரையோர நாடுகள் தங்கள் கொடி பறக்கும் கப்பல்களுக்கு 2029 வரை விலக்கு கொடுத்துக்கொள்ளலாம் என்று அதே விதியில் எழுதியும் வைத்திருக்கிறார்கள்.