கிருஷ்ணகிரியிடம் கற்க என்ன இருக்கிறது என்று கேட்பவருக்கு

ஆந்திரத்துக் குப்பம், தமிழ்நாட்டுக் கிருஷ்ணகிரி, கர்நாடகத்துக் கோலார் தங்கவயல் ஆகிய மூன்று ஊர் நீதிமன்றங்களும் ஆண்டுக்கு இருமுறையாவது கூடி, வழக்கு நடத்தும் முறைகளில் தாம் கண்ட பலனையும் பட்ட பாட்டையும் பரிமாறிக்கொள்ளட்டும் என்று குப்பத்தில் சிலர் கேட்டு வருகிறோம். தொழிலில் முதிர்ந்த வழக்கறிஞர் ஒருவர் இதை வெட்டிவேலை என்கிறார். அரசியலமைப்பின் 235ஆவது பிரிவு கீழமை நீதிமன்றங்களை அந்தந்த உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறதாம். குப்பத்துக்கு அமராவதி உயர் நீதிமன்றம் போதுமாம். மொழி வேறு, மரபு வேறாம். அயல் மாநிலத்திடம் பாடம் கேட்பது நீதித்துறையின் சுதந்திரத்துக்கே இழுக்காம். அவர் வயதுக்கு என் வணக்கம். அவர் வாதத்தை மதிக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

மரபிலிருந்தே தொடங்குவோம். 1954 ஜூலை வரை குப்பத்து மேல்முறையீடுகள் போய்ச் சேர்ந்த இடம் சென்னை உயர் நீதிமன்றம். அதன்பின் குண்டூர், 1956 நவம்பரில் ஐதராபாத், 2019இல் அமராவதி. ஒரே தாலுகா, ஒரே குடும்பங்கள், ஒரே வரப்புத் தகராறுகள். உயர் நீதிமன்றம் மட்டும் நான்கு ஊர் மாறிவிட்டது. குண்டூரில் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதியான கோகா சுப்பாராவ் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்றவர். சென்னையின் முந்தைய தீர்ப்புகள் தம்மையும் கட்டுப்படுத்தும் என்று அந்தப் புதிய நீதிமன்றத்தின் முழு அமர்வே சுப்பராயுடு வழக்கில் சொன்னது. பெரியவர் தினமும் புரட்டும் ஆந்திர சிவில் நடைமுறை விதிகளின் வேரும் சென்னையின் பழைய விதிகளில்தான் இருக்கிறது. தன் கையிலுள்ள புத்தகம் எங்கிருந்து வந்தது என்று பாராமல் வேறு மரபு என்று பேசுவது பொறுப்பற்ற பேச்சு.

235ஆவது பிரிவு பணியிடம் ஒதுக்குதல், மாறுதல், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை இவற்றின் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்திடம் தருகிறது. பக்கத்து நீதிமன்றத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டறியக் கூடாது என்று அதில் ஒரு சொல்லும் கிடையாது. மாறாக, ஒருவருக்கொருவர் ஒத்துழைத்தே ஆக வேண்டும் என்று சிவில் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. அதன் 28ஆவது பிரிவின்படி, அயல் மாநிலத்திலிருந்து வரும் சம்மனைப் பெற்ற நீதிமன்றம் அதைத் தன் சம்மனாகவே கொண்டு சார்வு செய்து, நடந்ததை எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு நீதிமன்றத்தின் தீர்ப்பாணையை இன்னொரு நீதிமன்றம் நிறைவேற்ற 39ஆவது பிரிவு வழி செய்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் பர்கூரில் இருப்பவர் மேல் குப்பத்தில் பணப் பாக்கி வழக்குப் போட்டவருக்கு இதன் அருமை தெரியும். சம்மன் போகும், திரும்பாது. வாய்தா விழும். அந்தப் பக்கத்தில் சம்மனுக்குப் பொறுப்பான நாசர் யார், அமீனா யார், கட்டு எந்த மேசையில் நிற்கிறது என்று இந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது. மூன்று ஊர் நாசர்களும் ஒருநாள் எதிரெதிரே உட்கார்ந்தால் தீரக்கூடிய சங்கடம் இது. இதில் எந்த நீதிபதியின் சுதந்திரம் பறிபோகிறது? தீர்ப்பை எப்படி எழுதுவது என்று யாரும் யாருக்கும் சொல்லப்போவதில்லை.

கற்க ஒன்றுமில்லை என்கிறாரே, சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கை அவர் மறந்துவிட்டாரா? 1999, 2002 சிவில் நடைமுறைத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது சேலத்துச் சங்கம். அந்த வழக்கில் அமைந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஆந்திர உயர் நீதிமன்றத்திலிருந்து உயர்ந்த நீதிபதி ஜகன்னாத ராவ். வழக்குகளைத் தரம் பிரித்துக் கால வரையறையுடன் நடத்தவும் சமரசத்துக்கு அனுப்பவும் அக்குழு மாதிரி விதிகளைத் தந்தது. அவற்றைப் பரிசீலிக்கும்படி 2005 ஆகஸ்ட்டில் எல்லா உயர் நீதிமன்றங்களையும் உச்ச நீதிமன்றம் கேட்டுக்கொண்டது. கர்நாடகத்தில் 2005ஆம் ஆண்டின் வழக்கோட்ட மேலாண்மை விதிகள் இருக்கின்றன. வழக்குப் போட்டது தமிழ்நாட்டு ஊர், விதி எழுதியது ஆந்திரத்து நீதிபதி, அத்தகைய விதியோடு இயங்குவது கர்நாடகத்து நீதிமன்றங்கள். இம்மூன்று மாநிலங்களும் சந்திக்கும் முனையில் உட்கார்ந்துகொண்டு, அந்த விதிகள் தங்கவயலில் எப்படி வேலை செய்கின்றன, எங்கே தடுக்கின்றன என்று கேட்பது இழுக்கு என்கிறார்! சென்னை உயர் நீதிமன்றம் 2005 ஏப்ரலில் தன் வளாகத்தில் சமரச மையம் திறந்தது. பெங்களூரு 2007இல் திறந்தது. இருபது ஆண்டுப் பட்டறிவு நம் இருபக்கமும் கிடக்கிறது.

சிறைக்குள் இருப்பவனை நினைக்கும்போதுதான் இந்த வாதம் கொடுமையாகிறது. செம்மரம் வெட்டியதாகப் பிடிபட்டுத் திருப்பதி, கடப்பா நீதிமன்றங்களில் நிற்பவர்களில் ஜவ்வாது மலையிலிருந்து கூலிக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குத் தெலுங்கு தெரியாது. உள்ளூரில் சொத்துள்ள ஜாமீன்தாரரைக் கொண்டு வா என்றால் எங்கே போவார்கள்? வேறு மாவட்டத்துச் சொத்து என்பதற்காக ஒரு கொத்தனாரின் ஜாமீன்தாரரைத் தள்ளிய மாஜிஸ்திரேட்டை 1978இலேயே மோதிராம் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்தார். தன் ஊரை விட்டு நெடுந்தூரத்தில் கைதாகும் தமிழனும் ஆந்திரனும் என்ன செய்வான் என்று அதே தீர்ப்பில் கேட்டார். பிணை உத்தரவு கிடைத்தும் ஏழைகள் உள்ளேயே கிடப்பதைக் கண்டு, 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் தந்தது: ஏழு நாளில் விடுதலையாகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும், உள்ளூர் ஜாமீன்தாரர் என்ற நிபந்தனையால் விடுதலை தாமதமாகும்போது அதை விதிக்காமல் விடலாம்.

உத்தரவு வந்துவிட்டது. அதை நடத்துவது யார்? திருவண்ணாமலையில் இருக்கும் ஜாமீன்தாரரின் வீட்டையும் பட்டாவையும் சரிபார்த்துத் திருப்பதி நீதிமன்றம் நம்பும்படி சொல்ல, இரண்டு மாவட்டத்துச் சட்டப் பணிகள் ஆணையங்களுக்கும் இடையே பழக்கம் வேண்டும், ஒத்துக்கொண்ட படிவம் வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிடும் உறவு வேண்டும். கூடிப் பேசாமல் இதில் ஒன்றும் வராது. இதைத்தான் பெரியவர் வெட்டிவேலை என்கிறார். ஒரு மனிதன் சிறையில் அதிகமாகக் கழிக்கும் ஒவ்வோர் இரவுக்கும் இந்த அலட்சியம் பதில் சொல்ல வேண்டும்.

மொழி வேறு என்பதை அவர் குப்பத்தில் இருந்துகொண்டு சொல்வது வியப்பு. சந்தையில் தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே பேரத்துக்குள் புழங்கும் ஊர் இது. தென்னாட்டு மொழிகளைச் சேர்த்துப் படிப்பதற்கென்றே 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் இங்கே அமைந்தது. சாட்சியின் தமிழைத் தெலுங்கில் பதிவதற்கு வேண்டிய மொழிபெயர்ப்பாளர்களைப் பயிற்றும் வசதி நம் ஊர்வாசலில் இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

கூட்டம் போட்டால் சாப்பாடும் குழுப்படமும்தான் மிச்சம் என்று அவர் சொல்வதில் பாதி உண்மை. அப்படி முடிந்த மாநாடுகள் உண்டு. அதனால்தான் கூட்டத்தை நீதிமன்ற வளாகத்திலேயே வைக்கச் சொல்கிறோம். சிரஸ்தாரையும் பெஞ்ச் கிளார்க்கையும் சம்மன் கொண்டுபோகும் ஊழியரையும் அழைக்கச் சொல்கிறோம். பின்லாந்தின் வடபகுதியில் ரோவனியேமி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999 முதல், தன் வட்டாரத்து நீதிபதிகளோடு வழக்கறிஞர்களையும் அரசுத் தரப்பினரையும் காவல் துறையினரையும் உட்காரவைத்து, ஆண்டுதோறும் சில குறைகளைத் தேர்ந்து களைந்து வந்தது. 2005இல் அந்த உழைப்புக்கு ஐரோப்பாவின் ‘பளிங்குத் தராசு’ விருது கிடைத்தது. பெருநகரத்து நீதிமன்றம் அல்ல அது; நம்மைப் போல ஓரத்தில் இருப்பதுதான். நம் நாட்டிலும் 1982இல் குஜராத்தின் ஊனாவில் தொடங்கிய லோக் அதாலத், 1987இல் சட்டம் வருவதற்கு முன்பே மாநிலம் மாநிலமாகப் பரவியது. அன்று யாரும் எல்லைச் சாவடியில் நின்று அதைத் தடுக்கவில்லை.

குப்பத்திலிருந்து அமராவதி ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். கிருஷ்ணகிரியும் தங்கவயலும் ஐம்பதுக்குள். மூன்று உயர் நீதிமன்றங்களின் நிர்வாக நீதிபதிகளும் அனுமதி தந்தால் முதல் கூட்டத்தை வரும் கோடை விடுமுறைக்கு முன்பே நடத்திவிடலாம். அதற்கான மனு எழுதப்பட வேண்டும். குப்பத்து வழக்கறிஞர்கள் எல்லோரும் அதில் கையெழுத்திட வேண்டும். மறுத்துப் பேசும் பெரியவரும் இட வேண்டும்.