மெஷின் மேல் பழி போடாதீர்கள்

சென்ற அறுவடையில் மைத்துனரின் நெல் லாரியோடு நானும் எடைமேடைக்குப் போயிருந்தேன். மேடைக் கருவியில் சிவப்பு எழுத்தில் 12480 என்று நிற்கிறது. கைக்கு வந்த சீட்டில் 2480 கிலோ! காலி லாரியே அதைவிட அதிகம் இருக்கும். கேட்டால் உள்ளே இருந்த பையன், "மெஷின் சில நேரம் அப்படித்தான் சார் காட்டும்" என்றான்.

முப்பது வருஷம் கருவிகளோடு மல்லுக்கட்டியவன் நான். விடுவேனா? புரோகிராமைத் திறந்து காட்டச் சொன்னேன். கருவியிலிருந்து சீரியல் கேபிள் நேரே கம்ப்யூட்டருக்குப் போகிறது. பில் போடுவது பிரவுசரில். பட்டனை அழுத்தியதும் சர்வரில் பிஎச்பி ஸ்கிரிப்ட் பிறக்கிறது. போர்ட்டைத் திறக்கிறது, வந்ததில் நாலு எழுத்தைப் பொறுக்குகிறது, மூடுகிறது, செத்துப்போகிறது.

கருவியோ யாரும் கேட்காமலே எடையை ஒப்பித்துக்கொண்டே இருக்கும். 9600 வேகம் என்றால் நொடிக்கு 960 எழுத்து வரை வரலாம். செய்தி பாதியில் ரேடியோவைத் திருகினால் முதல் வார்த்தை கிடைக்குமா? அப்படித்தான் முன்னாலிருந்த 1 காணாமல் போனது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பக்கத்தைத் திறந்தால் இன்னும் கூத்து. லினக்ஸில் பாதி எழுத்து இவருக்கு, மீதி அவருக்கு. விண்டோஸ் இரண்டாமவரை உள்ளேயே விடாது.

2480ஐக் கண்டுபிடித்துவிட்டோம், சரி. லாரி மேடையில் ஏறி ஆடி அடங்கும் முன்பே ஸ்கிரிப்ட் 11940ஐப் பிடித்திருந்தால்? 540 கிலோ நெல்! எந்த விவசாயிக்குத் தெரியும்? 2009ஆம் வருஷத்து எடையளவுச் சட்டப்படி மேடையைச் சோதித்து முத்திரை வைக்கிறார்கள். மேடை சரியாகத்தான் இருக்கிறது. கேபிளுக்கு அந்தப் பக்கம் நடப்பதல்லவா கொள்ளை!

"சின்ன மேடைக்கு இதெல்லாம் எதற்கு சார்?" என்றார் முதலாளி. எதற்கா? நூறு வரி கூட வராத ஒரு புரோகிராம் போதும். கம்ப்யூட்டர் போட்டதும் அது ஓடத் தொடங்கி, போர்ட்டைத் தான் மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் இருக்கிற முழு வரியை மட்டும் எடுத்து, அரைகுறையைத் தள்ள வேண்டும். நாலைந்து முறை அதே எடை வந்த பிறகே, நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். பிரவுசர் பக்கம் அந்தக் குறிப்பைப் படித்தால் போதும். போர்ட் பக்கமே போகக் கூடாது. குறிப்பு இரண்டு நொடிக்கு மேல் பழசானால் 'எடை இல்லை' என்று காட்டட்டும். தப்பு எடைக்கு அது எவ்வளவோ மேல். இதற்கு ஒரு நாள் வேலை, அதுவும் நடுவில் காபி குடித்துக்கொண்டு.

எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். போன வாரம் மறுபடி போனோம். திரையில் புதிதாக ஒரு பச்சைப் பட்டன். எடை தப்பாக வந்தால் அதை அழுத்தி மறுபடி எடுக்க வேண்டுமாம்.