வாக்கிங்கில் சிகார்... நடப்பவர் நகர்ந்துவிடுவார், வீடு நகருமா?

ராத்திரி சாப்பாடு முடிந்த நேரம். காலில் செருப்பு, கையில் சிகார், அவசரமே இல்லாத ஒரு நடை, பின்னணியில் இளையராஜா. இந்த மாதிரி ரீல்ஸ் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். கேப்ஷனில் 'ஸ்லோ லைஃப்', 'மீ டைம்' என்று ஏதாவது இருக்கும். கமென்ட்டில் ஹார்ட் குவியும்.

பார்க்க ஸ்டைலாகத்தான் இருக்கு. ஆனால், நம்ம ஊர்த் தாத்தாக்கள் இதைப் பல காலமாகச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்கு ஹார்ட் கிடைக்கவில்லை. "அந்தப் பக்கம் போய் ஊதுங்க, வீடெல்லாம் நாறுது" என்ற பாட்டியின் திட்டுதான் கிடைத்தது.

சிகார் வேற, சுருட்டு வேறயா?

ஆங்கிலத்தில் 'செரூட்' என்கிறார்களே, அந்தச் சொல்லே நம்ம 'சுருட்டு'விலிருந்து போனதுதான். திருச்சி உறையூரிலும் திண்டுக்கல்லிலும் சுருட்டிய சுருட்டுகள் பிரிட்டிஷ் காலத்தில் கப்பலேறி லண்டன் வரை போயின. 1887-ல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே, சாம்பலைப் பார்த்து 'இது திருச்சி சுருட்டு' என்று துப்பறிவாளர் கண்டுபிடிப்பார். சர்ச்சில் திருச்சி சுருட்டுக்கு ரசிகர் என்ற கதையும் திருச்சியில் ரொம்பப் பிரபலம்.

அரசாங்கத்தின் வரிப் பட்டியலும் இரண்டையும் பிரிப்பதில்லை. சிகார், சுருட்டு, சிகரெட் எல்லாம் 2402 என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் வருகின்றன. 2025 செப்டம்பர் 3 அன்று ஜி.எஸ்.டி கவுன்சில் எடுத்த முடிவிலும் இவற்றுக்கு 40 சதவிகிதம். பீடிக்கு மட்டும் 18 சதவிகிதம். ஆக, கியூபாவிலிருந்து வந்த சிகாரும் கிராமத்துப் பெட்டிக்கடைச் சுருட்டும் வரிக் கணக்கில் சொந்தக்காரர்கள். ஒன்றைப் பார்த்து 'கிளாஸ்' என்கிறோம், இன்னொன்றைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறோம். இந்த வித்தியாசம் புகையில் இல்லை, பிடிக்கிறவரின் பர்ஸில் இருக்கிறது.

'நான் உள்ள இழுக்க மாட்டேனே!'

சிகார் பிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் இது. புகையை நுரையீரலுக்குள் இழுக்காமல் வாயில் வைத்து விட்டுவிடுவதால் ஆபத்து இல்லையாம். உண்மை வேறு. சிகார் புகையின் காரத்தன்மையால், அதிலுள்ள நிகோட்டின் வாயின் உட்சதை வழியாகவே ரத்தத்தில் கலந்துவிடும். ஒரு சிகரெட்டில் இருக்கும் புகையிலை 1 கிராமுக்கும் குறைவு. பெரிய சிகார் ஒன்றில் 5 முதல் 20 கிராம் வரை இருக்கலாம். அதாவது, ஒரு வாக்கிங்கில் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குச் சமமான புகையிலை எரியலாம். வாய், குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய்களோடு சிகாருக்கு நேரடித் தொடர்பு இருக்கிறது.

சரி, அது பிடிக்கிறவரின் உடம்பு, அவர் முடிவு என்றே வைத்துக்கொள்வோம். தெரு யாருடையது?

பத்தடியில் மாறும் சட்டம்

வேப்பூர் கூட்டு ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையும் விருத்தாசலம் சாலையும் சந்திக்கிற இடம். அங்கே பஸ்ஸுக்காக நிற்கும்போது சிகார் பற்றவைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் போடலாம். அதே ஆள் பத்தடி தள்ளி, வீடுகள் இருக்கிற தெருவுக்குள் ஊதிக்கொண்டே நடந்தால்? கேஸ் போடுவது கஷ்டம்.

காரணம், 2003-ம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்று சொல்லும் அந்தச் சட்டமே, 'திறந்தவெளி' பொது இடத்தில் சேராது என்றும் சொல்கிறது. 2008-ல் வந்த விதிகள் இந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைத்தன. பஸ் ஸ்டாப், ரயில் நிலையம், ஸ்டேடியம், 'இதுபோன்ற பிற இடங்கள்' ஆகியவற்றைத் திறந்தவெளி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆனால், குடியிருப்புத் தெருவைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை.

அந்தத் தடை 2008 அக்டோபர் 2-ல் அமலுக்கு வந்தபோது மத்திய சுகாதார அமைச்சராக இருந்தவர் அன்புமணி. அதற்கு ஆறு வருஷம் முன்பு, 'பாபா' படத்தில் ரஜினி புகைக்கும் காட்சிகளை எதிர்த்துக் கொதித்தவர் ராமதாஸ். அந்தக் கோபம் அதிகம் தெரிந்தது இந்த வட மாவட்டங்களில்தான். திரையில் வந்த புகைக்கே அவ்வளவு பேசிய நாம், தெருவில் வரும் புகையைப் பற்றி அதிகம் பேசவில்லை.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்?

டோக்கியோவின் சியோடா பகுதியில் 2002-லேயே நடந்துகொண்டே புகைப்பதற்கு அபராதம் கொண்டுவந்துவிட்டார்கள். ஜப்பானில் இதற்குச் சொல்லப்படும் காரணம் ரொம்ப எளிமையானது. நடக்கும்போது பெரியவர்களின் கை தொங்குகிற உயரமும் குழந்தையின் முக உயரமும் ஒன்று. இத்தாலியின் மிலன் நகரம் 2025 ஜனவரி 1 முதல் தெருவிலும் புகைக்கத் தடை போட்டிருக்கிறது. அடுத்தவரிடமிருந்து 10 மீட்டராவது தள்ளி இருந்தால் மட்டும் விலக்கு. பிரான்ஸில் 2025 ஜூன் 29 முதல் பூங்கா, பீச், பஸ் ஸ்டாப், பள்ளி வாசல்களில் பிடித்தால் 135 யூரோ அபராதம். நம்ம பக்கத்து மாலத்தீவோ ஒரு படி மேலே போய், 2007 ஜனவரி 1-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் புகையிலையே கிடையாது என்று சொல்லிவிட்டது.

நியாயமாகப் பார்த்தால், திறந்தவெளியில் புகை சீக்கிரம் கலைந்துவிடும். மூடிய அறை அளவுக்கு ஆபத்து இல்லை. ஆனால், நம்ம தெருக்கள் எப்படி இருக்கின்றன? ஒட்டி ஒட்டி வீடு. ரோட்டைப் பார்த்துத்தான் ஜன்னல். கரன்ட் போனால் வாசலில்தான் குழந்தையைத் தூங்கவைக்கிறோம். சிகார் பிடிக்கிறவர் இரண்டு நிமிஷத்தில் கடந்துபோய்விடுவார். வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆஸ்துமா பாட்டியால் எழுந்து ஓட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, அடுத்தவர் விட்ட புகையால் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் பேர் இறக்கிறார்கள். அவர்களில் யாரும் பற்றவைத்தவர்கள் இல்லை.

எல்லாத் தெருவுக்கும் போலீஸ் போட முடியாதுதான். ஆனால், பள்ளி, அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கும் தெருக்களையாவது விதிகளில் பெயர் சொல்லிச் சேர்க்கலாம். ஊராட்சிகள் கிராம சபையில் தீர்மானம் போட்டு இதைக் கேட்கலாம்.

அந்த ரீல்ஸை மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள். அதில் நம்மை இழுப்பது புகையா? ஒரு மணி நேரம் போனைப் பார்க்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல், சொந்தத் தெருவில் காலாற நடக்க முடிகிற அந்தச் சுதந்திரம்தானே? அதற்கு 40 சதவிகித வரியும் கிடையாது, எதிர்வீட்டு ஜன்னலை மூடவைக்க வேண்டியதும் இல்லை. இன்றைக்கு ராத்திரியே கிளம்பலாம், கையை வீசிக்கொண்டு.