அமெரிக்க விளக்கும் நம்ம ஊர் கரண்ட்டும்

நியூ ஜெர்சியிலிருந்து லீவுக்கு வந்த அக்கா மகன், அம்மாவின் கட்டில் பக்கம் வைக்க ஒரு மேஜை விளக்கு கொண்டுவந்திருந்தான். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. அதுதான் டிம்மர். பின் பொருந்த அடாப்டரும் தயார்.

"அங்க 120 வோல்ட், இங்க 230. பாதிக்குக் கொறச்சு வெச்சா போதாதா மாமா?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நான் செருக விடவில்லை. அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும். டிம்மரோ வோல்டேஜைக் குறைப்பதில்லை, நேரத்தை வெட்டுகிறது. கரண்ட்டின் ஒவ்வொரு அலையிலும் முன்பகுதியைத் தடுத்துவிட்டு, மிச்சத்தைத்தான் பல்புக்கு விடுகிறது. தடுக்கும் வேலை டிரையாக் என்ற சின்னப் பாகத்துடையது. தடுத்து நிற்கும்போது முழு அழுத்தமும் அதன் மேல்தான். 120 வோல்ட்டின் உச்சம் 170. நம் 230-க்கு 325! டிரையாக் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும். அப்புறம் திருகு எங்கே இருந்தாலும், 120 வோல்ட் பல்புக்கு முழு 230-ம் போகும். அதுவும் அக்காவின் தலைமாட்டில்.

கழற்றிப் பார்த்தால் 200 வோல்ட் டிரையாக். ரிச்சி தெருவில் 600 வோல்ட் தாங்கும் பி.டி.136-600 வாங்கிப் போட்டோம். அதோடு வேலை முடியவில்லை. திருகுக்கு அடியில் இருந்தது 250 கிலோ ஓம். 230-ல் கெபாசிட்டர் சீக்கிரம் நிரம்பி, டிரையாக்கைத் தூண்டிவிடும் டயாக்குக்குத் தேவையான 32 வோல்ட்டை முன்னதாகவே எட்டிவிடும். கடைசிவரை திருகினாலும் விளக்கு சரியாக மங்காது. அதனால் 500 கிலோ ஓம். இரைச்சலை அடக்க லைனுக்குக் குறுக்கே இருந்த கெபாசிட்டருக்குப் பதில், 275 வோல்ட் ஏ.சி. என்று அச்சிட்ட எக்ஸ்2 ரகம். டயாக்கைத் தொடவில்லை. பல்பு, நம்ம ஊர் 40 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. போடுவதானால் அட்டையில் 'டிம்மபிள்' என்று இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் மினுக்கும்.

நேராகப் பிளக்கில் செருகாமல், முதலில் 100 வாட் பல்பு கோத்த சீரியஸ் போர்டில் போட்டுப் பார்த்தேன். எங்காவது ஷார்ட் இருந்தால் அந்த 100 வாட் பளீரென்று எரிந்து காட்டிக்கொடுக்கும். எரியவில்லை.

சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் இதைத் தொடவேண்டாம். டிம்மரையே எடுத்துவிட்டு, 230 வோல்ட்டுக்கான புது டிம்மரை எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டிக்கொள்ளலாம். யார் திறந்தாலும் திருகை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும்.

அக்கா இப்போது இரவில் அதைக் கால்வாசிக்கு வைத்துக்கொண்டு தூங்குகிறாள். 120 வோல்ட் பல்பு மருமகன் பெட்டியிலேயே திரும்பிப் போய்விட்டது.