ஐந்து டன் இழுக்குமாம்!

"மாமா, இது அஞ்சு டன் இழுக்கும். நம்ம ரூலோத் மூணரை டன்னுதான். ஒன்றரை டன் மிச்சம் இருக்குது, நீங்க ஏன் கவலைப்படறீங்க?" என்றார் மாப்பிள்ளை.

கனடாவில், மோன்ரேயாலை ஒட்டிய லவாலில், மகள் வீட்டில் நாங்கள் தங்கியிருந்த கோடைக்காலம் அது. பள்ளியில் நாம் படித்த பிரெஞ்சில் ரூலோத் என்றால் நாடோடிகளும் சர்க்கஸ்காரர்களும் குடியிருக்கும் சக்கர வீடு. பிரான்சில் இருக்கும் நம் உறவுக்காரர்கள் இப்போது காரவான் என்கிறார்கள். கெபெக்கில் பழைய சொல்லையே விடாமல் வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தது முப்பது அடி நீளம். கட்டில், அடுப்பு, குளியலறை, ஏ.சி. எல்லாம் உள்ளேயே. அதை இழுக்க ஒரு பிக்கப் வண்டி வாங்க வேண்டும். அதுதான் வீட்டில் பேச்சு.

இதில் உனக்கென்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில். நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் பிரான்சிலோ கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். நாமும் வருஷத்துக்கு மூன்று மாதம் போய் இருந்துவிட்டு வருகிறோம். அந்த வண்டியின் பின் சீட்டில் உட்காரப் போவது நாமும் பேரப்பிள்ளைகளும்தான். அதனால் கேட்கிறேன், கேட்பேன்.

விற்பனைக் கூடத்துக்கு நானும் போனேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். வண்டியின் மேல் பெரிய எழுத்தில் இரண்டு எண்கள். ஒன்று, இழுக்கும் திறன் 5,000 கிலோ. இன்னொன்று, வாரத்துக்கு 280 டாலர். விலை எவ்வளவு என்று எங்கேயும் இல்லை! வாரக் கணக்கில் எழுதுவது அங்கே வழக்கமாம். 96 மாதத் தவணை, அதாவது 416 வாரம். பெருக்கிப் பார்த்தேன், 1,16,480 டாலர். மாப்பிள்ளைக்கு அந்தக் கணக்கு பிடிக்கவில்லை. அடுத்த கணக்கு அதைவிடப் பிடிக்கவில்லை.

அவர் உள்ளே காகிதம் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் சும்மா ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து பார்த்தேன். கதவு மூடும் தூணில், டயர் காற்றழுத்தம் எழுதிய சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. கனடாவில் அதை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் போட வேண்டும். முப்பத்தைந்து வருஷம் சிறு எழுத்தைப் படித்தே சம்பளம் வாங்கியவன் நான். ஆட்களும் சரக்கும் சேர்ந்த எடை 640 கிலோவை ஒருபோதும் தாண்டக்கூடாது என்று அதில் இருந்தது. பிரெஞ்சில் 'ழமே' என்று போட்டிருந்தான். முடிந்தவரை தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதல்ல, ழமே!

இந்த 640 கிலோவுக்குப் பிரெஞ்சில் 'சார்ஜ் யுதில்' என்று பெயர். வண்டி தன் முதுகில் சுமக்கக்கூடிய பாரம். இழுப்பது வேறு, சுமப்பது வேறு என்று மாப்பிள்ளை நினைத்தார். விற்பவரும் அப்படித்தான் சொன்னார். மாட்டு வண்டியைப் பக்கத்தில் இருந்து பார்த்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் விளக்க வேண்டியதில்லை. மூட்டைகளை முன்னால் அதிகம் அடுக்கினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அதிகம் போனால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும், வண்டி குடைசாயப் பார்க்கும். வண்டிக்காரர் ஏற்றும்போதே இரண்டு மூட்டையை முன்னே தள்ளி வைப்பார். ரூலோத்துக்கும் அதே சட்டம்தான். அதன் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு இழுக்கும் வண்டியின் கொக்கியில் முன்பாரமாக விழ வேண்டும். அதற்குக் குறைந்தால் வேகத்தில் ரூலோத்தின் வால் இடமும் வலமும் ஆட ஆரம்பித்து, இழுக்கும் வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிடும். இந்த முன்பாரம் எதில் கணக்கு? சுமக்கும் கணக்கில், அந்த 640-க்குள்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் காகிதமும் பென்சிலும் எடுத்தேன். ரூலோத் காலியாக 2,950 கிலோ என்று அதன் சீட்டில் இருக்கிறது. காலி ரூலோத்தில் யாரும் போவதில்லை. தண்ணீர், எரிவாயு சிலிண்டர், பாத்திரம், துணிமணி, அரிசி எல்லாம் ஏறினால் 3,500 வரும். முன்பாரம் நூற்றுக்குப் பதின்மூன்று என்று வைத்தால் 455 கிலோ. மாப்பிள்ளை 85, மகள் 62, பெரியவன் 30, சின்னவள் 22, பிள்ளைகளின் பாதுகாப்பு இருக்கைகள் 15, ஆக 214. பாரத்தைப் பரப்பும் இரும்புக் கொக்கி சாமான் 40. பிக்கப்பின் பின்தட்டில் ஜெனரேட்டர் 25, சைக்கிள்கள் 50, கருவிப் பெட்டி 30, ஐஸ் பெட்டியும் சில்லறையும் 40. எல்லாம் கூட்டினால் 854. அனுமதி 640. கூடுதல் 214.

அந்த 214-ஐப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. குடும்பம் நான்கு பேரும், ஓட்டுநர் உட்பட, வீட்டிலேயே இருந்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். நானும் என் மனைவியும் இன்னும் ஏறவே இல்லை.

விளம்பர எண்ணையும் அதே பென்சிலால் பார்த்தேன். 5,000 கிலோவில் பதின்மூன்று பங்கு 650. சீட்டில் இருப்பது 640. அந்த வண்டி அந்த எடையை அப்படி இழுக்க வேண்டுமானால் ஓட்டுநர் இருக்கையில்கூட யாரும் உட்காரக்கூடாது. ஒரே வண்டியின் நெற்றியில் ஒரு எண், கதவிடுக்கில் இன்னொரு எண், இரண்டும் சேர்ந்து வாழ முடியாதவை. இதை நான் மோசடி என்றுதான் சொல்வேன்.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த 5,000 வானத்திலிருந்து வந்ததல்ல. முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் சங்கம் ஜே2807 என்று ஒரு விதியை வகுத்தது. டொயோட்டா 2011 மாடல்களுக்கு முதலில் ஏற்றுக்கொண்டது, பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் சில வருஷம் கழித்து வந்தன. அரிசோனாவில் டேவிஸ் அணைப் பக்கம் 18 கிலோமீட்டர் மலையேற்றத்தில் ஏ.சி. போட்டுக்கொண்டு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும் என்பது அந்தச் சோதனைகளில் ஒன்று. கடுமையான சோதனைதான். ஆனால் அந்த விதிப்படி வண்டியில் ஓட்டுநரும் ஒரு பயணியும், ஆளுக்கு 68 கிலோ. முன்பாரம் பத்துப் பங்கு. அதில் பேரப்பிள்ளை இல்லை, சைக்கிள் இல்லை, பாட்டி இல்லை. இன்ஜினுக்கு வைத்த பரீட்சையின் மார்க்கைக் குடும்பத்துக்குக் காட்டி விற்கிறார்கள்.

மறுநாள் விற்பவரிடம் கேட்டோம். அவர் சொன்ன மூன்று பதில்களும் எனக்கு மனப்பாடம். முதலாவது, பாரத்தைப் பரப்பும் கொக்கி போட்டால் சரியாகிவிடும். அது கொஞ்சம் பாரத்தை முன் சக்கரத்துக்கும் ரூலோத்தின் சக்கரத்துக்கும் தள்ளும், வாஸ்தவம். கட்டாயம் போட வேண்டியதும்கூட. ஆனால் கதவுச் சீட்டிலுள்ள 640-ஐ அது 854 ஆக்காது. இரண்டாவது, ரூலோத்தில் சாமான்களைப் பின்பக்கம் தள்ளி வையுங்கள், முன்பாரம் குறையும். இதைச் சொன்னபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. கழுத்துச் சுமை குறையட்டும் என்று வண்டியைக் குடைசாய்க்கச் சொல்கிறார்! மூன்றாவது, எல்லாரும் இப்படித்தான் இழுக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை. மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பரும் பத்து வருஷமாக இழுக்கிறாராம். ஒன்றும் ஆகாதவர்கள்தான் வந்து பேசுவார்கள். ஆனவர்கள் எங்கே பேசுகிறார்கள்?

அதிகப் பாரம் என்றால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும், உடனே அச்சு முறிந்து விழும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படி ஆகாது. பின்பக்கம் அமுங்கும், முன் சக்கரங்கள் லேசாகும், ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்கச் சற்றுத் தாமதிக்கும். பின் டயர் சூடாகும். இறக்கத்தில் பிரேக் சூடாகும். சமவெளியில், வெயில் நாளில், ஒன்றுமே தெரியாது. மாப்பிள்ளையின் திட்டமோ ஷார்ல்வுவா மலைவழியாகத் தாதுசாக் போய்த் திமிங்கிலம் பார்ப்பது. அந்தப் பக்கத்தில் லேஸெபூல்மான் என்ற ஊரின் இறக்கத்தில் 1997-இல் பிரேக் பிடிக்காத ஒரு பேருந்து பள்ளத்தில் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் நம்மைப் போல வயதானவர்கள், உல்லாசப் பயணம் வந்தவர்கள். அது பேருந்து, பிரேக்கே கெட்டிருந்தது, இது வேறு என்றார் மாப்பிள்ளை. வேறுதான். மலை அதே மலை.

இரண்டு நாள் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. "அப்பா, நீங்க ரிடையர் ஆனாலும் ஃபைலை மூட மாட்டீங்க" என்றாள் மகள். மனைவி என் பக்கமும் இல்லை, அவர் பக்கமும் இல்லை. திமிங்கிலத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொள்ளலாமே என்றாள்.

எதிர்முனையில் இன்னொரு கூட்டம் இருக்கிறது, அதையும் விடக்கூடாது. பெரிய ரூலோத்தா, ஒரு டன் டீசல் வண்டி வாங்கு, இல்லாவிட்டால் சாவு நிச்சயம் என்பார்கள். அது ஒரு வீட்டின் முன்பணம். டீசல் இன்ஜின் கனமானது, அந்தக் கனமும் சுமக்கும் கணக்கிலேயே கழியும். முக்கால் டன் வண்டியில் டீசலும் தோல் இருக்கையும் கண்ணாடிக் கூரையும் சேர்த்து வாங்கி, கதவைத் திறந்து பார்த்தால், விலை பாதியுள்ள எளிய பெட்ரோல் வண்டியைவிடச் சீட்டில் எண் குறைவாக இருக்கும். சொகுசுக்கும் எடை உண்டு.

அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்ற இந்தப் பெயர்களே அந்தக் காலத்தில் வண்டி எவ்வளவு சுமக்கும் என்பதை வைத்து வந்தவை. இப்போது வண்டிகள் அதைவிட அதிகம் சுமக்கின்றன, பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஒரு காலத்தில் பெயராகவே இருந்த எண் இன்று கதவிடுக்கில் ஒளிந்திருக்கிறது!

பிரான்சில் இது இவ்வளவு மோசமில்லை. அங்கே கார்த் கிரீஸில், அதாவது வண்டியின் பதிவுச் சீட்டில், வண்டியின் உச்ச எடையும், வண்டியும் இழுவையும் சேர்ந்த உச்ச எடையும் தனித்தனிக் கட்டத்தில் அச்சாகியிருக்கும். ரூலோத் 750 கிலோவைத் தாண்டி, இரண்டும் சேர்ந்து 3,500 கிலோவையும் தாண்டினால் சாதாரண லைசென்ஸ் போதாது. 4,250 வரை ஏழு மணி நேரப் பயிற்சி, அதற்கு மேல் தனிப் பரீட்சை. கெபெக்கில் மாப்பிள்ளைக்குக் கார் ஓட்டும் லைசென்ஸே போதுமாம். சட்டம் கேட்காத இடத்தில் விற்பவர் கேட்பாரா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இழுக்கும் திறனை எந்த அளவு எழுத்தில் விளம்பரம் செய்கிறார்களோ, அதே அளவு எழுத்தில் பக்கத்திலேயே சுமக்கும் பாரத்தையும் அச்சிடச் சொல்லிச் சட்டம் போட வேண்டும். சிகரெட் பெட்டியில் செய்ய முடிந்ததை இதில் செய்ய முடியாதா?

கடைசியில் மாப்பிள்ளை வாங்கியது எட்டு வருஷம் பழைய முக்கால் டன் பெட்ரோல் வண்டி. ஒப்பந்தக்காரர் ஒருவர் வைத்திருந்தது. துணி இருக்கை, ஜன்னலில் சொகுசு எதுவும் இல்லை. விலை அந்தப் புது வண்டியின் பாதிக்கும் கீழே. குளிர்காலத்தில் சாலைக்கு உப்புத் தூவும் ஊர் என்பதால் அடிச்சட்டத்தில் துரு இருக்கிறதா என்று மெக்கானிக்கை வைத்துப் படுத்துப் பார்க்கச் சொன்னேன், பிரேக் குழாய் மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. காலியாக ஓட்டினால் டவுன் பஸ் மாதிரித் தூக்கிப் போடும். ரூலோத்தை மாட்டினால் நூறு கிலோமீட்டருக்கு இருபது லிட்டருக்கு மேல் குடிக்கும். மாப்பிள்ளை இன்னும் அதை என்னிடம் சொல்லிக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார். கதவுச் சீட்டில் 1,310.

உங்கள் பிள்ளைகள் யாராவது இப்படி ஒரு வண்டி பார்த்துக்கொண்டிருந்தால் பணம் கட்டும் முன் அந்தச் சீட்டைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதே மாடலின் சீட்டு போதாது, வாங்கப் போகும் அதே வண்டியின் சீட்டு. ஒவ்வொரு வண்டிக்கும் எண் மாறும். பிரெஞ்சு படிக்க வராதவர்கள் எனக்கு அனுப்பலாம், ஆனால் பேரப்பிள்ளைகளின் எடையையும் சேர்த்து எழுதுங்கள்.