பத்திரமாக இருக்கிறது!

தமிழில் என்னை மிகவும் நடுங்க வைக்கும் வாக்கியம் எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: "அது பத்திரமாக இருக்கிறது."

திருடன் வருகிறான் என்றால் விழித்துக் கொள்கிறோம். வெள்ளம் வருகிறது என்றால் மூட்டை கட்டுகிறோம். 'பத்திரமாக இருக்கிறது' என்று காதில் விழுந்ததும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறோம். அப்படித் தூங்கித்தான் எங்கள் குடும்பம் ஒரு மோட்டார் காரைத் தொலைத்தது.

"காரைத் தொலைக்க முடியுமா? அது என்ன மூக்குத்தியா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன்.

திருமழபாடியில் என் பெரியப்பா 1966-ல் வாங்கிய கார் அது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு, வெளிர் நீலம். இங்கிலாந்தில் அதன் பெயர் ட்ரையம்ப் ஹெரால்டு. மிக்கலோட்டி என்ற இத்தாலியர் வரைந்த உருவம். ஆனாலும் எங்களுடையது நம் ஊர்ப் பிள்ளைதான். 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் செய்து விற்றார்கள். மற்றக் கார்களில் மூடியைத் தூக்கினால் எஞ்சின் தெரியும். இதில் விளக்கு, மட்கார்டு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் முதலை வாயைப் பிளந்தாற்போல முன்னால் சாயும். அதைப் பார்க்கவே சிறுவர்கள் கூடிவிடுவோம்.

பங்குனியில் எங்கள் ஊரில் நந்தி கல்யாணம். அதைப் பார்த்தவர்களுக்கு முந்திக் கல்யாணம் ஆகும் என்பது சொலவடை. அரியலூர் ரயிலடியிலிருந்து உறவினர்களைத் திருவிழாவுக்கு ஏற்றி வருவது அந்த ஹெரால்டுதான். அதில் ஏறி வந்த பெண்களுக்கெல்லாம் அடுத்த வருஷமே கல்யாணமாகிவிடும் என்று பெரியம்மா பெருமையடித்துக் கொள்வாள்.

2009-ல் பெரியப்பா காலமானார். வீட்டைப் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது. "இரண்டு மாதம்தானே" என்று காரைக் கொள்ளிடத்துக்கு அக்கரையில் உறவுக்காரர் ஒருவருடைய ரைஸ் மில் கிடங்கில் கொண்டுபோய் நிறுத்தினார் அண்ணன், அதாவது பெரியப்பா மகன். மேலே தார்ப்பாய் போர்த்தினார். கிடங்கைப் பூட்டிச் சாவியை உறவுக்காரரிடமே கொடுத்தார். எழுதிக் கொடுக்கவும் இல்லை, எழுதி வாங்கவும் இல்லை. சொந்தக்காரரிடம் காகிதம் கேட்டால் மரியாதையாக இருக்குமா?

வீடு கட்டி முடிந்தது. கார் திரும்பவில்லை. கல்யாணங்களிலும் கருமாதிகளிலும் அவரைப் பார்க்கும்போது அண்ணன் கேட்பார்: "வண்டி எப்படி இருக்கு மாமா?"

"பத்திரமா இருக்கு மாப்ளே."

இப்படியே ஒரு மாமாங்கம் ஓடிவிட்டது. 2021-ல் மத்திய அரசு பழைய வண்டிகளுக்குத் தனி விதி ஒன்று கொண்டுவந்தது. முதலில் பதிவாகி 50 வருஷம் தாண்டிய, உருவம் மாற்றாத வண்டிகளை 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். 20,000 ரூபாய் கட்டணம். 10 வருஷம் செல்லும். அதைப் படித்ததும் அண்ணனுக்குத் தகப்பனார் ஞாபகம் வந்து, கார் ஞாபகமும் வந்தது. என்னையும் அழைத்துக்கொண்டு அக்கரைக்குப் போனார்.

மில் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நின்றது!

மில்லை விற்று ஐந்து வருஷமாகியிருந்தது. உறவுக்காரர் எங்களைவிட அதிகமாகத் திகைத்தார். அவர் திருடர் அல்ல. சாவிக்கொத்தை வாங்கியவரிடம் கொடுத்தபோது அதில் எங்கள் காரும் தொங்கியது என்பது அவருக்கு நினைவில்லை, அவ்வளவுதான். மறுபடியும் அதையேதான் சொன்னார்: "பத்திரமாத்தானே இருந்துச்சு!"

போலீஸில் எழுதிக் கொடுக்கப் போனோம். எஞ்சின் எண் என்ன, சேஸிஸ் எண் என்ன என்று கேட்டார்கள். தெரியாது. ஆர்.சி. புத்தகம் எங்கே? காரின் டாஷ்போர்டுக்குள், பத்திரமாக! காரைக் கண்டுபிடிக்க ஆர்.சி. வேண்டும், ஆர்.சி.யைக் கண்டுபிடிக்கக் கார் வேண்டும். கல்லூரியில் படித்த இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தோம்.

எங்களைக் காப்பாற்றியவர் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு மெக்கானிக். அந்தக் காரை 20 வருஷம் பழுது பார்த்தவர். நடமாட முடியாமல் கட்டிலில் கிடந்தார். மகனைக் கூப்பிட்டுப் பரண்மேலிருந்து ஒரு நீள நோட்டை எடுக்கச் சொன்னார். எங்கள் ஹெரால்டின் பதிவு எண், எஞ்சின் எண், சேஸிஸ் எண், எந்த வருஷம் எந்தச் சாமான் மாற்றியது, எல்லாம் நீலப் பென்சிலில் இருந்தன.

"நம்பரு எழுதி வைக்காம எப்படி தம்பி ஸ்பேர் வாங்குறது?" என்றார்.

பிறகு காயலான் கடைகளாக ஏறி இறங்கினோம். ஒன்பதாவது கடைக்காரர், "முன்பக்கம் மொத்தமா வாயைப் பொளக்குமே, அந்த வண்டியா? அதை உடைக்க மனசு வரலீங்க, முழுசாவே குடுத்துட்டேன்" என்றார். மேற்கே வேறொரு ஜில்லாவில், பழைய கார்கள் சேர்க்கும் ஒருவர் கொட்டகையில் அது இருந்தது. நிறம் மாறியிருந்தது. எண் மாறவில்லை. நோட்டில் இருந்தது சேஸிஸ் தகட்டில் அப்படியே இருந்தது.

அந்த மனிதர் நல்லவர். ஆனாலும் ஒரு கேள்வி கேட்டார்: "என்னிடம் வாங்கிய ரசீது இருக்கிறது. உங்களிடம் என்ன இருக்கிறது?" விற்றவனுக்கே உரிமையில்லாத பொருளை வாங்கினவருக்கு உரிமை வராது என்பது சட்டம். ஆனால் அதைக் கோர்ட்டில் நிலைநாட்டுவதற்குள் காரும் துருப்பிடிக்கும், நாமும் துருப்பிடித்துவிடுவோம். கடைசியில் அவர் செலவழித்த தொகையைக் கொடுத்துக் காரை மீட்டார் அண்ணன். தகப்பனார் ஒருமுறை வாங்கிய காரை மகன் மறுமுறை வாங்கினார்.

இதில் குற்றவாளி யார்? உறவுக்காரரா? 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், பிறர் ஒப்படைத்த பொருளை நிதானமுள்ள மனிதன் தன் பொருளைக் காப்பதுபோலக் காக்க வேண்டும் என்கிறது. தவணை முடிந்தால் கேட்காமலே திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே அவர்மீது பிழைதான். ஆனால் பெரிய பிழை எங்கள்மீது. பூட்டினோம், போர்த்தினோம், போய்விட்டோம். பூட்டு என்பது திருடனுக்கு வைக்கும் தடை என்று நினைக்கிறோம். உண்மையில் அது உடையவன் கண்ணுக்குக் கட்டிய துணி.

மிகைப்படுத்துகிறேன் என்பீர்களா? எங்கள் ஜில்லாவிலேயே ஸ்ரீபுரந்தான் என்ற ஊர் இருக்கிறது. அங்கே சோழர் காலத்துச் சிவன் கோயில், உள்ளே செப்பு நடராஜர், வெளியே பூட்டு. 2006-ல் திருடர்கள் புகுந்தார்கள். ஊருக்கு எப்போது தெரிந்தது? சிலைகளைப் பாதுகாப்பு மையத்துக்கு எடுத்துப்போக 2008-ல் அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோது! அதே வருஷம் அந்த நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2014-ல் அவர் நாடு திரும்பினார். பூட்டா அவரை மீட்டது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் என்றோ எடுத்து வைத்த புகைப்படம் மீட்டது.

'கோல்டுஃபிங்கர்' சினிமாவுக்குப் பயன்பட்ட ஆஸ்டன் மார்ட்டின் கார் ஒன்று, 1997-ல் அமெரிக்காவில் ஃபுளோரிடா விமானக் கொட்டகையிலிருந்து மாயமாயிற்று. கலைப்பொருட்களைத் தேடும் ஒரு நிறுவனம் அது மத்தியக் கிழக்கில் இருப்பதாக 2021-ல் அறிவித்தபோது, ஆதாரமாகச் சொன்னது வரிசை எண்ணைத்தான். கோடீசுவரன் காருக்கும் எங்கள் ஹெரால்டுக்கும் சாட்சி ஒன்றே.

'பத்திரம்' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்: ஒன்று பாதுகாப்பு, மற்றொன்று எழுத்து. நம் முன்னோர்கள் இரண்டையும் ஒரே சொல்லில் சும்மா போட்டு வைக்கவில்லை என்றே நினைக்கிறேன். திருமழபாடிக் கோயிலையே பாருங்கள். ராஜராஜ சோழன் காலத்தில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட உத்தரவாயிற்று. பிரிப்பதற்கு முன்னால், சுவரில் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ராஜேந்திரன் காலத்தில், அந்தப் படியைப் பார்த்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். கல்லையே நம்பாமல் நகல் எடுத்த ஊரில் பிறந்துவிட்டு, நாங்கள் ஒரு தார்ப்பாயை நம்பினோம்!

"ஒரு பழைய இரும்புக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று ஒரு சிநேகிதர் கேட்டார். பூஜையில்லாத கோயிலில் பழைய செம்பு என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். விலையை விடுங்கள். ஒரு குடும்பத்தின் திருவிழாக்களைச் சுமந்த பொருள், யாருக்கும் தெரியாமல், யாருக்கும் வலிக்காமல் மறைந்துவிட முடிகிறது என்றால், இரும்பு பழையதா, நம் மனசு மரத்ததா?

எண்ணெழுத்துத் தகட்டின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் பதிந்துவிடும். ஐந்து நிமிஷ வேலை. நாலு பக்கமும் படம் எடுங்கள். யாரிடம், எந்தத் தேதியில், எத்தனை மாதத்துக்கு என்று ஒரு காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சொந்தக்காரர் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். காகிதம் இல்லாத இடத்தில்தான் உறவு முறிகிறது. ஆவணங்களைப் பொருளுக்குள் வைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் கண்ணால் பாருங்கள்.

எங்கள் ஊருக்கு ஒரு புராணக் கதை உண்டு. காவிரிக் கரையில் ஆலம்பொழிலில் சுந்தரர் படுத்து உறங்குகையில், சிவபெருமான் கனவில் வந்து, மழபாடிக்கு வர மறந்துவிட்டாயோ என்று கேட்டாராம். அவரும் பதறி எழுந்து ஓடி வந்தார்.

மறந்தவனை எழுப்பக் கடவுளுக்குக் கருணை இருந்தது. கிடங்கில் கிடக்கும் கார் யார் கனவிலும் வராது. ஆகவே கேட்கிறேன்: உங்கள் வீட்டுப் பொருள் எது, யாரிடம் 'பத்திரமாக' இருக்கிறது? வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.